தங்கியிருந்தவர்களின் பங்கு



கடந்த வாரம் ஆராதனை முடிந்தபின் ஒரு வாலிபன் என்னிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தான். அசிசி பிரான்சிஸைப் பற்றிய நூல் ஒன்றை அவன் வாசித்துக்கொண்டிருந்தான். “ஐயா, பிரான்சிஸ் ஒருவர்தானே? அவர் பெயரைச் சொல்லும் சபைகள் மட்டும் ஏன் இத்தனை? பழுப்பு அங்கியினர் சிலர், கறுப்பு அங்கியினர் சிலர், மடத்தைவிட்டு வெளியே வராத சகோதரிகள் ஒருபுறம், மனைவி மக்களோடு வாழ்கிறவர்கள் ஒருபுறம். இவர்களும் நம்மைப் போலப் பிரிந்துபோனவர்கள்தானோ?” என்றான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிறு புன்னகை இருந்தது. புராட்டஸ்டண்ட் சபைகளில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்தப் புன்னகையின் பொருள் நன்றாகவே விளங்கும்.

வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் போதுமானதாயிருக்கவில்லை. ஆகவே இந்த வாரத் தியானத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். ஒரு மரத்தின் கிளைகள் இரண்டு வகையில் பிரியக்கூடும். வளர்ச்சியினால் விரிவது ஒன்று; பிளவினால் கிழிவது மற்றொன்று. பிரான்சிஸின் குடும்பத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவன் எல்லா வேற்றுமையையும் பாவம் என்பான். இல்லாவிட்டால் எல்லாப் பிரிவினையையும் வரம் என்பான். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலில் வளர்ச்சியினால் வந்த கிளைகளைப் பார்ப்போம். 1209-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் தம் தோழர்கள் சிலரோடு ரோமாபுரிக்குச் சென்று, திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்துவிடம் தம் வாழ்க்கை முறைக்கு வாய்மொழியான அனுமதி பெற்றார். 1223-இல் அந்தச் சகோதரர்களின் ஒழுங்கு எழுத்து வடிவில் உறுதிப்படுத்தப்பட்டது. இவர்கள் முதல் சபையார். அவர்களுடைய நோக்கம் போவது. சொந்தமாக ஒன்றும் இல்லாமல், ஊர் ஊராகச் சென்று, உழைத்தும் இரந்தும் உண்டு, மனந்திரும்புதலையும் சமாதானத்தையும் அறிவிப்பது.

1212-இல், குருத்தோலை ஞாயிறு இரவில், அசிசியின் உயர்குடியில் பிறந்த கிளாரா என்னும் இளம்பெண் வீட்டைவிட்டு வெளியேறி, போர்சியுங்குலா என்னும் சிற்றாலயத்தில் பிரான்சிஸின் முன்னிலையில் தன்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தாள். பின்பு அசிசியின் மதிலுக்கு வெளியே உள்ள சான் தமியானோவில் சகோதரிகளோடு வாழ்ந்தாள். இவர்கள் இரண்டாம் சபையார். இவர்களுடைய நோக்கம் தங்கியிருப்பது. ஒரே இடத்தில், வறுமையில், இடைவிடாத ஜெபத்தில் நிலைத்திருப்பது. பிரான்சிஸ்கன் சகோதரர்களின் இடைக்கயிற்றில் மூன்று முடிச்சுகள் உண்டு. வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை அவை குறிக்கின்றன. கிளாராவின் சகோதரிகளுடைய கயிற்றில் பெரும்பாலும் நான்காம் முடிச்சு ஒன்று காணப்படும். மடத்தின் எல்லைக்குள் தங்கியிருப்போம் என்னும் வாக்குறுதியின் அடையாளம் அது.

மூன்றாம் சபையார் வீடுகளில் வாழ்ந்தார்கள். திருமணமானவர்கள், வணிகர்கள், கைத்தொழிலாளர்கள். 1221-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவர்களுடைய பழைய ஒழுங்கு, கடனைத் தீர்த்து, அயலானோடு ஒப்புரவாகி வரும்படி அவர்களிடம் கேட்டது. கொலைக்கருவிகளைத் தாங்கக் கூடாது என்றும் கட்டளையிட்டது. நகரத்துக்கு நகரம், கட்சிக்குக் கட்சி இரத்தம் சிந்திய இத்தாலியில் ஒரு குடும்பத்தலைவன் வாளை எடுக்க மறுப்பது எத்தகைய சாட்சி என்பதை எண்ணிப்பாருங்கள். அவன் எங்கும் போகவில்லை, உலகத்தைவிட்டு ஒதுங்கவுமில்லை. நின்ற இடத்திலேயே வேறு மனிதனாக வாழ்ந்தான். பிற்காலத்தில் இந்த ஒழுங்கு பலமுறை மாறியது. இன்று வழக்கிலுள்ள பொதுநிலையினருக்கான ஒழுங்கை 1978-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அங்கீகரித்தார்.

போவது, தங்கியிருப்பது, நின்ற இடத்தில் வாழ்வது என்னும் இம்மூன்றில் பெரியது எது?

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் போகிறவர்களை மட்டுமே மதித்தேன். வெயிலில் நடந்து கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லுகிறவனே ஊழியன் என்று எண்ணினேன். நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு ஜெபிக்கும் பெண்களால் யாருக்கு என்ன பயன் என்று பிரசங்க மேடையிலிருந்தே கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனிமையாயிருந்தது. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

என்னை வெட்கப்படுத்தியது பிரான்சிஸின் வாழ்க்கையில் வரும் ஒரு நிகழ்ச்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொனவெந்தூர் எழுதிய வரலாற்றில் அது இடம்பெற்றிருக்கிறது. தாம் தனிமையில் ஜெபத்திலேயே தரித்திருக்க வேண்டுமா, ஊர்களுக்குப் போய்ப் பிரசங்கிக்க வேண்டுமா என்று பிரான்சிஸ் கலங்கினார். தாமாகத் தீர்மானிக்கத் துணியவில்லை. மலையில் தனித்து ஜெபித்துக்கொண்டிருந்த சில்வெஸ்தர் என்னும் சகோதரரிடமும், மடத்திலிருந்த கிளாராவிடமும் ஆள் அனுப்பி, கர்த்தருடைய சித்தத்தைக் கேட்கச் சொன்னார். இருவரிடமிருந்தும் வந்த பதில் ஒன்றே: போய்ப் பிரசங்கிக்க வேண்டும். பிரான்சிஸ் உடனே எழுந்து புறப்பட்டார்.

பிரியமானவர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். போகிறவனுக்குப் போகும்படி சொன்னவள் தங்கியிருந்தவள். தானும் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தன்னைப்போல நீயும் தங்கியிரு என்றும் சொல்லவில்லை. தன் அழைப்பில் உறுதியாய் நின்றவளால்தான் மற்றொருவருடைய அழைப்பைத் தெளிவாகக் காண முடிந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1230-இல் ஒன்பதாம் கிரகோரியார், தம் அனுமதியின்றிச் சகோதரர்கள் இந்தச் சகோதரிகளின் மடங்களுக்குச் செல்லலாகாது என்று தடைவிதித்தார். மடத்துக்காக உணவு இரந்துவரும் சகோதரர்கள் மட்டும் வரலாம். தேவவார்த்தையைப் போதிக்கிறவர்கள் வரக்கூடாது என்றாயிற்று. கிளாரா உணவு கொண்டுவருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆத்துமாவின் அப்பம் மறுக்கப்படும் இடத்தில் வயிற்றுக்கான அப்பம் எங்களுக்கு எதற்கு என்பதே அவள் நிலை. திருத்தந்தை தடையைத் தளர்த்தினார். ஜெபிக்கிறவளுக்குப் பிரசங்கிக்கிறவன் தேவைப்பட்டான். பிரசங்கிக்கிறவனுக்கு ஜெபிக்கிறவள் தேவைப்பட்டாள். நோக்கத்தினால் பிரிந்த கிளைகளின் அடையாளம் இதுவே: மற்றது இல்லாமல் தன்னால் வாழ முடியாது என்று ஒவ்வொன்றும் அறிந்திருக்கும்.

இனி, கிழிந்த கிளைகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சபை இன்று மூன்றாக நிற்கிறது. அந்தப் பிரிவுக்குக் காரணம் வறுமையைக் குறித்த வழக்கு. சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது வீடு, நூலகம், பெரிய ஆலயம் இல்லாமல் போதிப்பதும் கற்பிப்பதும் எப்படி என்று சிலர் கேட்டார்கள். அவற்றை ஏற்றால் பிரான்சிஸை விட்டுவிட்டோம் என்று மற்றவர்கள் பதிலளித்தார்கள். இந்த வழக்கின் நடுவே 1318-இல் மார்செய் நகரில் நான்கு சகோதரர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். இதை எந்த அழகிய சொல்லாலும் மூடக்கூடாது.

1517-இல் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் இரு சாராரையும் தனித்தனிச் சபைகளாக்கினார். நகரத்து மடங்களில் சமூகமாக வாழ்ந்தவர்கள் கன்வென்ச்சுவல் சகோதரர்கள். ஒழுங்கை அதன் கண்டிப்போடு கைக்கொள்ள விரும்பியவர்கள் அப்சர்வன்ட் சகோதரர்கள். சில ஆண்டுகளிலேயே இந்த இரண்டாம் சாராரிடமிருந்து, இன்னும் எளிமையும் தனிமையும் நாடி மத்தேயோ தா பாஷியோ போன்றவர்கள் வெளியேறினார்கள். 1528-இல் அங்கீகாரம் பெற்ற அவர்கள், தங்கள் கூர்முனைத் தலைமூடியினால் கப்புச்சின்கள் என்று பெயர் பெற்றார்கள். தொடக்கத்தில் அவர்களைத் துரத்திய மாநிலத் தலைவர்களில் ஒருவர் ஃபானோ ஊர் யோவான். சில ஆண்டுகளுக்குப்பின் அவரே கப்புச்சினாகச் சேர்ந்தார்! பவுலும் பர்னபாவும் கடுங்கோபமூண்டு பிரிந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் பதினைந்தாம் அதிகாரம் மறைக்காமல் சொல்லுகிறது. யாரை முன்னிட்டுப் பிரிந்தார்களோ அந்த மாற்குவையே பவுல் தம் இறுதி நாட்களில் அழைத்துவரச் சொன்னார். மனிதர் கிழித்ததை ஆண்டவர் தைக்கும் வழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

அந்தக் கிழிசலிலும் ஆண்டவர் கனியைத் தந்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1630-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, நோயாளிகள் கூட்டங்கூட்டமாய்க் கிடத்தப்பட்டிருந்த பெரும் விடுதியைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் கப்புச்சின்கள். 1941-இல் ஆஷ்விட்ஸ் முகாமில், முன்பின் பழக்கமில்லாத ஒரு குடும்பத்தலைவனுக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்த மாக்சிமிலியன் கோல்பே ஒரு கன்வென்ச்சுவல் சகோதரர். 1897-இல் பதின்மூன்றாம் சிங்கராயர், நடைமுறையில் பெரிதும் ஒத்திருந்த நான்கு பிரிவுகளை ஒரே சபையாக இணைத்தார். வேற்றுமைக்கு நோக்கம் இல்லாமற்போனால் வேலியும் வேண்டியதில்லை என்பதே அதில் நான் காணும் பாடம். இன்று அசிசிக்குச் செல்கிறவர், பிரான்சிஸின் கல்லறையைக் கன்வென்ச்சுவல் சகோதரர்கள் காப்பதையும், அவர் உயிர்விட்ட இடமான போர்சியுங்குலாவைப் பழுப்பு அங்கிச் சகோதரர்கள் காப்பதையும், அவரோடு பேசியதாகச் சொல்லப்படும் சிலுவையைக் கிளாராவின் சகோதரிகள் காப்பதையும் காணலாம். முழு பிரான்சிஸையும் தனியாக வைத்திருக்கிறவர் அங்கே ஒருவருமில்லை.

ஆகவே அந்த வாலிபனுக்கு என் பதில் இது: தம்பி, கிளைகளை எண்ணாதே. ஒரு கிளை மற்றதைப் பார்த்து “நீ எனக்கு வேண்டியதில்லை” என்று சொல்லுகிறதா என்று கவனி. கண் கையைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதினாரே பவுல், அதுவே உரைகல். அப்படிச் சொல்லாத வேற்றுமை வரம். அப்படிச் சொல்லுகிற ஒற்றுமையும் பெருமைதான். இந்த உரைகல்லை முதலாவது நம்முடைய சபைகளின்மேல் உரசிப்பார்ப்போம்.

1 சாமுவேல் முப்பதாம் அதிகாரத்தில் தாவீதோடு அறுநூறு பேர் புறப்பட்டார்கள். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் களைத்துப்போய்த் தங்கிவிட்டார்கள். வெற்றியோடு திரும்பிய நானூறு பேரில் சிலர், தங்கியவர்களுக்குப் பங்கு இல்லை என்றார்கள். தாவீது இணங்கவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் பொருட்களைக் காத்திருந்தவனுக்கும் சமபங்கு என்று தீர்ப்பளித்து, அதை இஸ்ரவேலுக்குப் பிரமாணமாகவே ஏற்படுத்தினார். மீட்டுத் தந்தவர் கர்த்தர் என்பதால் பங்கிடும் அதிகாரம் போனவர்களுடையதல்ல என்பதே அவருடைய நியாயம்.

நம் நடுவிலும் பேசோர் ஆறு ஓடுகிறது. கிராம ஊழியத்துக்குப் போகிறவர், அதிகாலை ஜெபத்துக்கு மட்டும் வரும் முதியவளை ஊழியக்காரியாக எண்ணுவதில்லை. ஜெபக்குழுவினர், அலுவலகத்தில் இலஞ்சம் வாங்காமல் முப்பது ஆண்டுகள் உழைத்த மனிதரை ஆவிக்குரியவராக எண்ணுவதில்லை. அவரோ, தாம் ஊழியம் எதுவும் செய்யவில்லையே என்று தம்மையே குறைவாக எண்ணிக்கொள்கிறார்.

பிரான்சிஸ் தனியிடங்களில் வாழும் சகோதரர்களுக்குச் சிறிய ஒழுங்கு ஒன்றை எழுதினார். மூவர் அல்லது நால்வர் சேர்ந்திருக்க வேண்டும். இருவர் தாய்மாராக, மார்த்தாளைப் போல, மற்றவர்களைப் பராமரிக்க வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளாக, மரியாளைப் போல, ஜெபத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பின்பு ஏற்ற காலத்தில் பிள்ளைகள் தாய்மாரின் பொறுப்பை ஏற்க வேண்டும். அடுத்தவனுடைய வேலையின் பாரத்தை ஒருமுறை சுமந்தவன் அவனை மறுபடியும் எளிதில் இகழமாட்டான்.

இந்த வாரம் நாமும் இதைச் செய்து பார்ப்போமா? போகிறவர்கள் ஒரு மணி நேரம் தங்கியிருந்து ஜெபியுங்கள். ஜெபிக்கிறவர்கள் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய்வாருங்கள். இருவரும் சேர்ந்து, நின்ற இடத்தில் உண்மையாய் உழைக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆண்டவரே, எங்கள் அழைப்பில் எங்களை உறுதிப்படுத்தும். எங்கள் சகோதரனுடைய அழைப்பைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். நாங்கள் கிழித்ததை நீரே தைத்தருளும். ஆமென்.