கதவில்லாக் கூடும் காப்பில்லாக் கோழியும்

சிற்றூர்ப் பெண்டிர்க்கே உரிய செல்வம் என ஒன்று உண்டாயின், அது பெரும்பாலும் கொல்லைப்புறத்துக் கோழியே. நிலம் ஆண்மகன் பெயரில் இருக்கும். பால் விற்ற காசு வீட்டுச் செலவில் கரைந்துவிடும். முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசுமே அவள் முந்தானை முடிச்சில் சிறுவாடாகத் தங்கும். பிள்ளையின் சுவடிக்கும், நள்ளிரவில் கண்ட காய்ச்சலுக்கும் அச்சிறுவாடே கைகொடுக்கும். அத்தகு செல்வத்தை ஒரே இரவில் ஒரு வெருகோ மரநாயோ வந்து அழித்துவிட்டுப் போவதும், விடிந்தபின் சிதறிக் கிடக்கும் இறகுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, 'எல்லாம் ஊழ்' என்று பெருமூச்செறிவதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டன. இஃது ஊழன்று, கூட்டின் குறை.

குறையும் புதியதன்று. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் ஓர் உவமை காட்டுகின்றார். மாலைப்பொழுதில் வேலியருகே வெருகுகள் வந்துவிட, மனைக்கோழியின் பேடை ஒளிவதற்கு இடமறியாது, தன் குஞ்சுகளை ஒருங்கு சேர்க்கத் துயரத்தோடு கூவுகின்றது. வெருகு வந்தது மட்டுமா அப்பேடையின் இடர்? ஒளிய ஓரிடம் இல்லாமையே பேரிடர். வெருகு வேலிக்கு வருவது அதன் இயல்பு. கோழிக்குப் புகலிடம் அமைப்பது மாந்தன் கடமை. அக்கடமையே இன்றும் பல வீடுகளில் செய்யப்படாமற் கிடக்கின்றது.

'காப்பான கூடு கட்டுதல் பணம் படைத்தவர்க்கே இயலும். ஏழைக்கு இயலாது' என்பார் பலர். இக்கூற்று பிழையானது. நாட்டுக்கோழி ஒன்றின் விலை இன்று சில நூறு உருபா. பத்துக் கோழி அடையும் கூட்டுக்குக் கடையில் வாங்கியே தீரவேண்டிய பொருள்களின் விலை, நான்கைந்து கோழிகளின் விலைக்குள் அடங்கும். ஓரிரவில் இழப்பதைக் கொண்டே பல்லாண்டுக் காப்பை அமைத்துவிடலாம். ஏழைக்குக் குறைவாக உள்ளது காசு. ஆனால் கூடு வீழ்வது காசுக் குறையால் அன்று, காசைச் செலவிடும் இடம் தவறுவதால். கூரைக்கும் வண்ணத்திற்கும் செலவிட்டுவிட்டுத் தாழுக்கும் தரைக்கும் செலவிடாது விடுவதே பெரும்பிழை.

கூட்டின் பணி இரண்டு. கோழியை உள்ளே நிறுத்துவது ஒன்று. பகையை வெளியே நிறுத்துவது மற்றொன்று. முன்னதைச் செய்யும் பொருள் பின்னதையும் செய்யும் என்று எண்ணுவதே பலரை ஏமாற்றுகின்றது. கடைகளில் 'கோழிவலை' என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை, பெயருக்கேற்பக் கோழியைத் தடுக்கும்; நாயைத் தடுக்காது. அதன் மெல்லிய முறுக்குக் கம்பியை நாய் பல்லால் கிழித்துவிடும். கீரி அதன் அகன்ற கண் வழியே குஞ்சை எட்டும். வெருகோ வெளியிலிருந்தே கையை நுழைத்து, வலையோரம் அடைந்திருக்கும் கோழியைப் பற்றியிழுக்கும். வாங்க வேண்டியது, கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட வலை. அதன் கண்ணில் சிறுவிரல் நுழையக் கூடாது, 12 மி.மீ. அளவே போதும். அவ்வலையின் விலை கூடுதல்தான். ஆயினும் கூடு முழுதும் அதனால் போர்த்த வேண்டியதில்லை. காற்று புகும் திறப்புகளுக்கு மட்டும் வைத்தால் போதும்.

பகை வரும் வழியறிந்து செலவிடுதலே சிக்கனம். மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் வரும். மரநாய் கூரையேறி, தளர்ந்த ஓலையையும் ஓட்டையும் விலக்கி இறங்கும். கீரி பகலில் வரும். நாய் சுவரோரம் மண்ணைப் பறித்து நுழையும். பெருச்சாளி வளை தோண்டி வந்து குஞ்சுகளைக் கொண்டுபோகும். அப்பெருச்சாளியைத் தேடிப் பாம்பும் வரும்; வந்த பாம்பு முட்டையையும் விடாது. இருளில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவு. பறந்து தப்பாது, அடைந்த இடத்திலேயே கிடக்கும். ஆதலால் உள்ளே புகுந்த ஒரு விலங்கு, தன் பசிக்கு ஒன்றைத் தின்பதோடு நில்லாது கண்டவற்றையெல்லாம் கடித்துக் குதறிவிடுதலும் உண்டு. ஒரேயொரு இடுக்கு அடைபடாமற் போனால், மற்ற ஒன்பது காப்பும் வீணே.

ஆகவே முதற் செலவு அடித்தளத்திற்கு ஆதல் வேண்டும். தரையோடு கட்டும் மண்கூடாயின், சுவரின் அடியிலும் கூட்டின் தரையிலும் கருங்கல்லோ உடைந்த செங்கல்லோ நெருங்கப் பாவி, இடுக்குகளைச் சுண்ணச்சாந்தோ பைஞ்சுதையோ கொண்டு அடைத்தல் வேண்டும். வெளிப்புறத்திலும் ஓரடி அகலத்திற்குக் கல் பாவிவிடின், சுவரோரம் பறிக்கத் தொடங்கும் நாய் கல்லில் நகம் தேய்ந்து திரும்பும். ஓரடி பின்தள்ளி நின்று தோண்டும் அறிவு அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. கால்மேல் நிறுத்தும் கூடாயின், இரண்டடி உயரத்தில் மூங்கிற் பிளாச்சுகளை நெருங்க அறைந்து தளம் அமைக்கலாம். ஒவ்வொரு காலிலும் வழுவழுப்பான தகரத்தை ஓரடி உயரத்திற்கு உருளையாகச் சுற்றினால் எலியும் பெருச்சாளியும் ஏறமாட்டா.

இரண்டாவது செலவு கதவுக்கு. கயிறு கட்டிய கதவும், கல் சாய்த்த பலகையும் கதவல்ல. ஒற்றைக் கொக்கியை நாய் மூக்கால் நெம்பித் தள்ளிவிடும். தாழொன்றும், அத்தாழ் நகராதபடி செருகும் முளையொன்றும் ஆக இரண்டு செயலால் மட்டுமே திறக்கும் அமைப்பு வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் இடையிலும் விரல் நுழையும் இடைவெளி இருத்தலாகாது.

மற்றவற்றில் எல்லாம் சிக்கனம் செய்யலாம். சுவருக்கு மண்ணும் பழம்பலகையும் போதும். கூரைக்குப் பழைய தகரமோ ஓடோ போதும். ஆனால் காற்றுக்கும் கைக்கும் பெயராதபடி இறுக்கிக் கட்டுதல் வேண்டும். இரவடைய மட்டுமாயின், பத்துக் கோழிக்கு நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் நிறைவானவை. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையின் வெயில் உள்ளே மிகுதியாகப் பாயாது. அடையும் கழிகளைச் சுவரையும் வலையையும் ஒட்டாது நடுவிலே கட்டினால், வெளியிலிருந்து நீளும் கைக்குக் கோழி எட்டாது.

இனி, பகற்காப்பைப் பற்றியும் ஒரு சொல். குஞ்சுகளுக்குப் பருந்தும் வல்லூறும் காக்கையும் பகற்பகை. இதற்கு நம் முன்னோர் கண்ட விடையே பஞ்சாரம். மூங்கிலால் முடைந்து கவிழ்த்த அக்கூடைக்குள் தாயும் குஞ்சும் காற்றும் ஒளியும் பெற்றுக் காப்போடு இருக்கும். ஆனால் பஞ்சாரம் இரவுக்கூடாகாது. நாய் அதனைப் புரட்டிவிடும். ஒவ்வொன்றும் தத்தம் வேளைக்கே கருவி. பஞ்சாரம் முடைவாரிடம் அதனை வாங்காது விடின், கருவியும் போகும், கைத்திறனும் போகும், பின்னர் அச்சொல்லும் அகரமுதலியில் மட்டுமே வாழும்.

கூட்டைச் செப்பஞ் செய்யாது நஞ்சிட்டுப் பழிதீர்க்க முனைவாரும் உளர். இதனினும் பேதைமை வேறில்லை. நஞ்சு வெருகோடு நில்லாது. அயலான் வீட்டுப் பூனையையும் ஆந்தையையும், சிலபோது தன் வீட்டுக் கோழியையுமே கொல்லும். கீரியும் வெருகும் எலி தின்று உழவனுக்கு உதவுவன. அவற்றைக் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கொன்ற இடத்திற்கு வேறொன்று வரும். அடைத்த வழியிலோ எதுவும் வாராது.

எத்துணை நன்றாகக் கட்டினும், அந்தியில் தாழிடாத கூடு திறந்த வெளியே. மாலைதோறும் கோழிகளை எண்ணி அடைத்தலும், முட்டையை அன்றன்றே எடுத்தலும், சிந்திய தீனியைக் கூட்டியகற்றி எலிக்கு இரையில்லாது செய்தலும், திங்களுக்கு ஒருமுறை சுவரையும் வலையையும் கையால் தடவிப் பார்த்துப் புதிய இடுக்கை அடைத்தலும் காசு கேளாக் காவல்கள். இவ்வேலையையும் பெண்ணின் தலையிலேயே சுமத்திவிட்டு, சேவல் விற்ற காசில் மட்டும் பங்கு கேட்பது ஆண்மையன்று. கல் பாவுவதும் தாழ் பொருத்துவதும் வீட்டு ஆடவர் ஒரு நாளில் முடிக்கும் பணி. அவ்வொரு நாளைத் தருவாராயின், அவ்வீட்டுச் சிறுவாடு நிலைக்கும். பேடையும் அந்திவேளையில் புகலிடமின்றிக் கூவாது.