விலை போகாத சரக்கா?

போன மாதம் வீட்டில் ஒரு விசேஷம். மாப்பிள்ளை '80-களின் அமெரிக்கப் பாட்டுகள்' என்று ஒரு பட்டியல் போட்டு ஓடவிட்டிருந்தார். மைக்கேல் ஜாக்சன், மடோனா, பேங்கிள்ஸ், ஆர்.இ.எம். எல்லாம் நல்ல பாட்டுத்தான், குறை சொல்ல மாட்டேன். "மாப்பிள்ளை, பிக் ஸ்டார் ஒண்ணு போடுங்களேன். டீபீஸ் ஒண்ணு போடுங்களேன்" என்றேன். "அதெல்லாம் விலை போகாத சரக்கு மாமா" என்று சிரித்தார்.

விருந்தாளிகள் முன்னால் மாப்பிள்ளையோடு வாதாட முடியுமா? பேசாமல் பாயசத்தைக் குடித்தேன். அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1982 முதல் 1985 வரை ஜார்ஜியா மாநிலத்தில் மேற்படிப்புப் படித்தேன். ராத்திரி ஆய்வுக்கூடத்திலிருந்து அறைக்கு வந்தால் மாணவர்களே நடத்தும் கல்லூரி வானொலிதான் துணை. பெரிய வானொலி நிலையங்கள் ஒரே நாற்பது பாட்டைச் சுற்றிச் சுற்றிப் போடும். இந்தப் பையன்களோ கைக்குக் கிடைத்த இசைத்தட்டையெல்லாம் போடுவார்கள். அப்படித்தான் அந்தக் கிதார் ஒலி என் காதில் விழுந்தது. கம்பிகளை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொன்றாக மீட்டுவார்கள். சலங்கை குலுங்குவதுபோல இருக்கும். 'ஜாங்கிள் பாப்' என்று பெயர். கொஞ்சம் வேகமும் அழுத்தமும் கூடினால் 'பவர் பாப்'. 60-களில் பேர்ட்ஸ் குழுவும் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனும் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பிக் கிதாரில் எழுப்பிய ஒலியின் வாரிசு அது. சின்தசைசர் கோலோச்சிய காலத்தில் இந்தப் பிள்ளைகள் மரக்கட்டையையும் கம்பியையும் நம்பினார்கள்.

மாப்பிள்ளையின் வாதம் எளிது: நல்லதாயிருந்தால் விற்றிருக்கும், விற்கவில்லை, ஆகவே நல்லதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், சரக்கு கடைக்கே வராவிட்டால்?

மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பம் 1972-ல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் விநியோகம் சொதப்பியதால், படித்துவிட்டுக் கடைக்குப் போனவனுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. அந்தக் குழுவின் அலெக்ஸ் சில்டன், அதற்கு முன்பே 1967-ல் பாக்ஸ் டாப்ஸ் குழுவில் பதினாறு வயதில் பாடிய பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே மனிதர் 80-களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திறமை நடுவில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை.

டீபீஸ் கதையும் அதுவே. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்துப் பையன்கள், நியூயார்க்கில் சேர்ந்து வாசித்தவர்கள். 1981-ல் அவர்களுடைய இரண்டு ஆல்பங்கள் வெளிவந்தன. இரண்டையும் வெளியிட்டது இங்கிலாந்து நிறுவனம். தங்கள் சொந்த நாட்டிலேயே அவர்கள் இறக்குமதிச் சரக்கு! கூடுதல் விலை, அதுவும் சில கடைகளில் மட்டும்.

"அப்படியானால் ஆர்.இ.எம். எப்படி ஜெயித்தது மாமா?" என்று கேட்பார். கேட்கட்டும். ஜார்ஜியாவின் ஏதென்ஸ் ஊரில் 1980-ல் தொடங்கிய குழு அது. 1982-ல் வந்த 'க்ரானிக் டவுன்' சிறு தட்டு, வின்ஸ்டன்-சேலத்தில் மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. அடுத்த வருடம் 'மர்மர்' ஆல்பத்தை, 'த்ரில்லர்' கொடிகட்டிப் பறந்த அதே வருடத்தில், ரோலிங் ஸ்டோன் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றார்கள். விற்பனைப் பட்டியலிலோ அது 36-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1991-ல்தான் 'அவுட் ஆஃப் டைம்' முதலிடத்துக்கு வந்தது. 1983-ல் விற்பனையை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் ஆர்.இ.எம்.மும் உங்கள் பட்டியலில் இருந்திருக்காது, மாப்பிள்ளை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பத்தில் கூட உட்கார்ந்து கிதார் வாசித்தவர் பீட்டர் ஹோல்சாப்பிள். யார் அவர்? டீபீஸ்காரர்! நீங்கள் விரும்பிப் போட்ட பேங்கிள்ஸ், 1986-ல் லட்சக்கணக்கில் விற்ற தங்கள் ஆல்பத்தில் ஒரு பழைய பாட்டை எடுத்துப் பாடினார்கள். யாருடையது? பிக் ஸ்டாருடையது! விலை போகாத சரக்கு என்றீர்களே, விலை போன சரக்குக்குள்ளேயே அது இருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன். டீபீஸின் இசைத்தட்டை ஒரு கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். திருப்பி விலையைப் பார்த்தேன். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். வானொலியில் அந்தப் பாட்டு வரும் என்று காத்திருந்து கேசட்டில் பதிந்துகொண்டேன். அந்தக் கேசட்டை நாடா அறுகிறவரை கேட்டேன். அவர்கள் கைக்கு என்னிடமிருந்து ஒரு காசு போகவில்லை. என்னைப் போல எத்தனை பேரோ!

ஆகவே மாப்பிள்ளை, அந்தப் பிள்ளைகள் தோற்றார்கள் என்று சொல்லாதீர்கள். கடைக்குக் கொண்டுபோகத் தவறியவர்கள் இருக்கிறார்கள். கடைக்கு வந்ததை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த உங்கள் மாமனாரும் இருக்கிறார். பழி சொல்வதானால் எங்களைச் சொல்லுங்கள்.

அடுத்த விசேஷத்துக்குப் பட்டியல் நான் போடுகிறேன். பாயசம் மட்டும் அதே பதத்தில் இருக்கட்டும்.