வயர்லெஸ்ஸுக்கும் ஒரு வயர் வேண்டும்

செல்போனில் வயர் இல்லை. அதனால் பேச்சும் படமும் கடைசிவரை காற்றிலேயே போகின்றன என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் காற்றில் போவது டவர் வரைக்கும்தான். அதற்கப்பால் நெடுந்தூரப் பயணமெல்லாம் தலைமுடி கனத்திலுள்ள கண்ணாடி இழையில், ஒளியாக.

ஆகவே "ஃபைபரா, வயர்லெஸ்ஸா?" என்று பட்டிமன்றம் நடத்துவது வீண்வேலை. நல்ல இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போனால் சுமார் 0.2 டெசிபல்தான் இழப்பு. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஆக்சிஜன் மட்டுமே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபலை விழுங்கிவிடும். அதற்காக இழையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியுமா என்ன?

சிக்கல் இரண்டும் சேரும் இடத்தில்தான். 4ஜி-யில் டவரிலுள்ள ரேடியோ பெட்டிக்கும் பேஸ்பேண்ட் கருவிக்கும் நடுவே, அலையை எண்களாக மாற்றி இழையில் அனுப்புவது சிபிஆர்ஐ என்ற முறை. 20 மெகாஹெர்ட்ஸ், 2 ஆன்டெனா என்றால் மக்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் நொடிக்கு 150 மெகாபிட். அதற்காக இழையில் ஓடுவதோ சுமார் 2.5 கிகாபிட்! நள்ளிரவில் ஒருவரும் பேசாவிட்டாலும் இதே அளவு. 5ஜி-யின் 100 மெகாஹெர்ட்ஸ், 64 ஆன்டெனாவுக்கு இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 400 கிகாபிட் வரும். கட்டுப்படியாகாது. அதனால் 2017-ல் வந்த இ-சிபிஆர்ஐ, வேலையில் ஒரு பகுதியை டவருக்கே மாற்றிவிட்டது. இழையின் சுமை குறைந்தது, டவர் பெட்டியின் வேலையும் மின்செலவும் கூடின.

இன்னொரு வழி ரேடியோ ஓவர் ஃபைபர். அலையை எண்ணாக்காமல் அப்படியே லேசர் ஒளியின் மேல் ஏற்றி அனுப்புவது. ஒளியை மறுபடி மின்சாரமாக்க ஒரு ஃபோட்டோடையோடு, ஆம்ப்ளிஃபையர், ஆன்டெனா... டவரிலிருந்து அனுப்ப இவ்வளவு போதும். கேபிள் டிவிக்காரர்கள் பல சானல்களை ஒரே இழையில் ஏற்றித் தெரு நோடு வரை கொண்டுவந்ததும் இந்த வகைதான். குறைகள் உண்டு. லேசர் அலையைச் சற்றுச் சிதைக்கும், இரைச்சல் சேரும், தூரம் கூடினால் சில அதிர்வெண்கள் மங்கிப்போகும்.

ஆராய்ச்சி வேண்டியது இங்கேதான். ஆனால் இசிஇ பாடத்திட்டத்தில் ஆப்டிகல் ஒரு பேப்பர், வயர்லெஸ் வேறு பேப்பர். ஃபைபர் ப்ராஜெக்ட் ஃபோட்டோடையோடோடு முடிகிறது, வயர்லெஸ் ப்ராஜெக்ட் ஆன்டெனாவில் தொடங்குகிறது. நடுவில் ஏற்படும் சிதைவை யார் கணக்கில் எழுதுவது? இந்தியாவில் பல டவர்கள் இன்னும் மைக்ரோவேவ் இணைப்பில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குச் சாலையைத் தோண்டி இழை போடும்போது, அதன் நுனியில் மாட்ட மலிவான, மின்சாரம் அதிகம் தின்னாத பெட்டி ஒன்று தேவைப்படும். அதை வடிவமைக்க இரண்டு பேப்பரையும் சேர்த்துப் படித்த ஆள் வேண்டும்.