சுண்டல் உருண்டது, எலி அள்ளியது!

ஆனி பிறந்து விட்டால் குற்றாலத்தில் சாரல் விழும். தென்காசியில் வந்து இறங்குகிற கூட்டம் அப்படியே குற்றாலத்துக்குப் போகும். பேரருவிக் கரையில் தலைகள்தான் தெரியும். எண்ணெய் தேய்த்துக் கொண்டு ஒரு கூட்டம் வரும். ஈரத் துணியோடு ஒரு கூட்டம் திரும்பும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை தாயின் கையை விட்டு விடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆறு வயதுப் பெண். அழுது கொண்டு நிற்கிறாள். ஒரு போலீஸ்காரர் அவளைத் தூக்கிக் கொள்கிறார்.

"அழாத தாயி. உங்க அப்பா பேரு என்ன?"

"அப்பா!"

"எந்த ஊரு?"

"எங்க ஊரு!"

"சரி, அப்பா போன் நம்பர் தெரியுமா?"

"அது போன்லதான இருக்கு!"

கேட்பவருக்குச் சிரிப்பு வரும். பெற்றவருக்குச் சிரிப்பு வராது.

தகப்பனாரின் கதை என்ன? அவர் இடுப்பில் ஈரத் துண்டோடு நிற்கிறார். போன் வேனில் இருக்கிறது. வேன் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம், "அண்ணாச்சி, ஒரு போன் பண்ணிக்கிடட்டுமா?" என்று கேட்கிறார். அவரும் நல்ல மனிதர். போனைக் கொடுக்கிறார். ஆனால் விரல் நகரவில்லை. எந்த எண்ணை அழுத்துவது? மனைவியின் நம்பர் அவருக்குத் தெரியாது! மனைவியின் பெயரைத் தொட்டால் போன் தானே கூப்பிடும். பத்து வருஷமாக அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழந்தையும் தகப்பனாரும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

ஒரு நம்பராவது வேண்டும்

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக் கொண்டிருந்தவர்கள் பதறி ஓடினார்கள். ஒரு சிறுவன் உயிர் இழந்தான். போன் நம்பர் தெரிந்திருந்தால் வெள்ளம் நிற்காது. அது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் சிதறிப் போகிற குடும்பம் மறுபடி ஒன்று சேர ஒரு நம்பர் உதவும்.

போனில் 500 நம்பர் இருக்கட்டும். தலையில் ஒரு நம்பர் இருக்க வேண்டாமா?

"பத்து எண்ணை எப்படி ஞாபகம் வைப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெறும் எண் மனதில் ஒட்டாது. அதற்கு முகம் இல்லை, குரல் இல்லை. ஆனால் கதை ஒட்டும். ஆகவே எண்ணைக் கதையாக மாற்ற வேண்டும். இது புது வித்தை அல்ல. தமிழ்நாட்டில் பல நூறு ஆண்டுகளாக இருந்து வரும் வித்தை.

பஞ்சாங்கத்தில் ஒளிந்த எண்

வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏன் "வாக்கியம்" என்று பெயர் வந்தது?

சந்திரன் நாளுக்கு நாள் எங்கே இருக்கிறது என்று சொல்ல, முன்னோர்கள் 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்கள். பார்த்தால் அவை சாதாரண வடமொழிச் சொற்கள். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுத்தை எண்ணாக மாற்றினால் சந்திரன் நிற்கும் இடம் தெரியும். இந்த வாக்கியங்களைச் செய்தவர் வரருசி என்று சொல்வது மரபு. இந்த எழுத்துக் கணக்குக்குக் "கடபயாதி" என்று பெயர்.

கேரளத்தில் இது மிகவும் செழித்தது. தென்காசிக்காரர்களுக்குக் கேரளம் தூரம் இல்லை. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையில் மலை ஏறினால் அந்தப் பக்கம் கேரளம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது.

பாட்டுப் படிக்கிற பிள்ளைகளும் இந்தக் கணக்கைத் தெரியாமலே சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில்தான். "மா" என்றால் 5. "யா" என்றால் 1. இதைப் பின்னாலிருந்து படித்தால் 15. மேளகர்த்தா ராகங்கள் 72. அவற்றில் மாயாமாளவகௌளை 15ஆவது! ராகத்தின் பெயரிலேயே அதன் எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

சோழி வைத்துக் கிரகணம்

இந்த வித்தை எவ்வளவு தூரம் போகும்? 1825இல் ஜான் வாரன் என்பவர் சென்னையில் "கால சங்கலிதம்" என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணக்கைப் பற்றிய நூல் அது. புதுச்சேரியில் வசித்த தமிழர் ஒருவர், அவர் கண் முன்னே சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தரையில் சோழிகளை வைத்தார், எடுத்தார். வேண்டிய அட்டவணைகள் எல்லாம் சொற்களாக அவர் மனதில் இருந்தன.

அது 1825 மே 31 இரவு நிகழ்ந்த கிரகணம். தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு பிசகியது சுமார் 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் 50 நிமிடத்துக்கு மேல் பிசகியது. ஆனாலும் சோழியும் ஞாபகமும் கொண்டு இவ்வளவு செய்தது பெரிய காரியம். 1952இல் நொய்கபவர் என்ற மேல்நாட்டு அறிஞர் "தமிழ் வானியல்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதி, இந்தச் செய்தியை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

வாரன் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அந்தத் தமிழருக்கு வான சாஸ்திரத்தின் தத்துவம் தெரியாதாம். ஞாபக சக்தி மட்டும் அபாரமாம்.

இதில் ஒரு பாடம் உண்டு. மனப்பாடம் வேறு, புரிந்து கொள்வது வேறு. கணக்குப் பாடத்தையும் விஞ்ஞானத்தையும் பிள்ளைகள் புரிந்துதான் படிக்க வேண்டும். அங்கே வெறும் மனப்பாடம் ஆகாது. ஆனால் போன் நம்பரில் புரிந்து கொள்ள என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதை மனதில் ஒட்ட வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்த வித்தை.

தமிழ் எண்ணே எழுத்துத்தான்

கடபயாதியை அப்படியே தமிழுக்குக் கொண்டு வர முடியாது. வடமொழியில் நான்கு விதமான "க" உண்டு. தமிழில் ஒன்றுதான். ஆனால் கவலை வேண்டாம். தமிழனிடம் அதைவிட எளிய வழி இருக்கிறது. பழைய தமிழ் எண்களே எழுத்து வடிவம் கொண்டவை!

க என்றால் 1. உ என்றால் 2. ச என்றால் 4. எ என்றால் 7. அ என்றால் 8. ஐந்தின் வடிவம் "ரு" போல இருக்கும். ஆறின் வடிவம் "சு" போல இருக்கும். ஒன்பதின் வடிவம் "கூ" போல இருக்கும். மூன்றின் வடிவம் "ங" போல இருக்கும். "ங"வில் தொடங்கும் சொல் கிடைக்காது. ஆகவே "ந" என்று வைத்துக் கொள்ளலாம். பழைய முறையில் பூஜ்யத்துக்குக் குறி இல்லை. "பூ" என்று வைத்துக் கொண்டால் போயிற்று.

இந்த விளையாட்டை ஔவையாரே ஆடியிருக்கிறார். எட்டு என்றால் "அ". கால் என்றால் "வ". இரண்டையும் சேர்த்து, எட்டும் காலும் என்று எண்ணால் சொல்லி, "அவலட்சணம்" என்று ஒருவரைத் திட்டியதாகத் தனிப்பாடல் உண்டு.

இப்போது ஒரு சோதனை. குற்றாலத்தின் பின்கோடு 627802. பத்து தடவை சொன்னாலும் நாளைக்கு மறந்து விடும். அதைக் கதை ஆக்குங்கள்:

சுண்டல் உருண்டது. எலி அள்ளியது. பூனை உறுமியது.

ஆறு சொற்கள். ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பாருங்கள். சு 6, உ 2, எ 7, அ 8, பூ 0, உ 2. முடிந்தது!

தென்காசியின் பின்கோடு 627811. அதற்குச் சுண்டலும் எலியும் அப்படியே இருக்கட்டும். கடைசியில் மட்டும் "கழுதை கத்தியது" என்று மாற்றுங்கள். குழந்தைகள் ஒரு தடவை சிரிப்பார்கள். அப்புறம் மறக்க மாட்டார்கள்.

மெஷின் செய்யாதா?

மேல்நாட்டிலும் இதே போன்ற வழி உண்டு. அங்கே எண்ணுக்கு மெய்யொலியை வைத்திருக்கிறார்கள். அதற்குச் சின்னச் சின்ன சாப்ட்வேர்களும் வந்து விட்டன. நீளமான எண்ணைத் தட்டினால், அதற்குப் பொருந்தும் சொற்களைத் தேடிக் கொடுக்கும். நல்ல உதவிதான். ஆனால் பெரும்பாலும் வருவது ஆங்கிலச் சொல். ஆலங்குளத்துக் குழந்தைக்கு ஆங்கிலச் சொல் எதற்கு? எண்ணை விட அதுவே பெரிய பாரம்!

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம் இருக்கிறது. 2011 முதல் ஜோஹோ கம்பெனி அங்கே இருந்து சாப்ட்வேர் செய்கிறது. உலகத்துக்கே சாப்ட்வேர் செய்யும் ஊர்ப் பிள்ளைகளுக்கு, க உ ச எ கொண்டு தமிழ்ச் சொல் தேடித் தரும் ஒரு கருவி பெரிய வேலையா? யாராவது செய்ய வேண்டும்.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி சொல்லைத்தான் தரும். ஞாபகத்தைத் தராது. 1980இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பாருங்கள். ஒரு மாணவருக்கு முதலில் 7 எண்தான் ஞாபகம் நின்றது. இருநூறு மணி நேரத்துக்கு மேல் பழகிய பிறகு 79 எண் நின்றது! என்ன தந்திரம்? அவர் ஓட்டப் பந்தயக்காரர். எண்களை எல்லாம் ஓட்ட நேரமாக நினைத்துக் கொண்டார். எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். மறுபடி சுமார் ஆறுக்கு வந்து விட்டார்!

அவரைக் காப்பாற்றியது அவருக்குப் பழகிய ஓட்டம். நம் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றுவது அதற்குப் பழகிய எலியும் பூனையும். கருவி பத்துச் சொல் கொடுக்கட்டும். கதையைக் குழந்தையே கட்டட்டும். தானே கட்டிய கதை சீக்கிரம் கலையாது.

ரகசிய எண் வேறு

ஏ.டி.எம். கார்டின் உறையில் ரகசிய எண்ணை எழுதி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்கள்தான் அதிகம். அது பெட்டியைப் பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விடுவது போல. நான்கு எண்ணுக்கு நான்கு சொல் போதும். அந்த வாக்கியத்தை மனதோடு வைத்துக் கொள்ளலாம். யாரிடமும் சொல்லக் கூடாது. ஊர் பேர் தெரியாத சாப்ட்வேரிலும் அந்த எண்ணைத் தட்டக் கூடாது.

போன் நம்பர் அப்படி அல்ல. அதைக் குழந்தை தைரியமாகச் சொல்ல வேண்டும், போலீஸ்காரரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு உதவும் 1098 என்ற நம்பரையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். அதற்குக் கதையே வேண்டாம். பத்து, ஒன்பது, எட்டு. படி இறங்குவது போல இறங்கினால் வந்து விடும்.

வேனிலேயே பாடம்

இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், பணம் வேண்டாம். குற்றாலத்துக்குப் போகும் வேனிலேயே நடத்தலாம். பத்து எண்ணை மூன்று, மூன்று, நான்கு என்று பிரியுங்கள். மூன்று வாக்கியம் ஆகும். பாட்டி ஒரு சொல் சொல்லட்டும். பேத்தி ஒரு சொல் சொல்லட்டும். அப்பாவும் உட்கார்ந்து படிக்கட்டும்; அவருக்குத்தான் அவசியம். மறுநாள் ஒரு தடவை கேளுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை கேளுங்கள்.

போனில் சார்ஜ் தீரும். போன் தண்ணீரில் விழும். கூட்டத்தில் தொலையும். சுண்டலும் எலியும் தொலையாது.

இந்தச் சீசனுக்கு அருவியில் கால் வைக்கும் முன்பு, வீட்டில் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு நம்பர் இருக்கட்டும். ஒரே ஒரு நம்பர் போதும்!