வாசலில் பத்துப் பேர்

போன மாதம் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு என் மருமான் ஆட்டோ பிடித்துக் கொண்டு ஆபீசுக்கு ஓடினான். அங்கே தீப் பிடிக்கவில்லை, திருடனும் வரவில்லை. ஸர்வர் கம்ப்யூட்டர் ஜோராக ஓடிக் கொண்டுதான் இருந்தது. அதைப் பராமரிக்கிற இவனை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்றது.

"சாவி கையில் இருக்கிறது, மாமா. கதவண்டை போகத்தான் முடியவில்லை" என்றான் மறுநாள், கண் சிவக்க.

தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தபடியே நுழைவதற்கு எஸ்.எஸ்.எச். என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் யாரோ கடவுச் சொற்களை ஒட்டுக் கேட்டுவிட்டார்கள். அதன் பேரில் டாட்டு யூலோனன் என்பவர் 1995-ல் இதை எழுதினார். 1999-ல் ஓபன் பி.எஸ்.டி. கோஷ்டியார் இதன் வழியில் ஓபன் எஸ்.எஸ்.எச். என்ற இலவசப் பதிப்பை வெளியிட்டார்கள். இன்று எத்தனையோ ஸர்வர்களுக்கு அதுதான் வாசற்காவல்.

காவல்காரன் பலே கெட்டிக்காரன். கள்ளச் சாவிக்கு மசிய மாட்டான். ஆனால் அவனுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்! கதவைத் தட்டியவர் தாம் இன்னார் என்று நிரூபிக்க 120 விநாடி அவகாசம் தருவான். அப்படிக் காத்திருக்க ஒரே சமயத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம். டாக்டர் வீட்டுத் திண்ணை பெஞ்சு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். பதினோராவது ஆசாமி வந்த வழியே போக வேண்டியதுதான்.

போக்கிரி என்ன செய்கிறான்? பத்துத் தடவை தட்டிப் பத்து இடத்தையும் பிடித்துக் கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்து விடுகிறான். இரண்டு நிமிஷம் கழித்து வெளியே தள்ளினால் மறுபடி வந்து தட்டுகிறான். கடவுச் சொல் வேண்டாம். மூளைகூட அதிகம் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரன்தான் தெருவில் நிற்கிறான்.

2013-ல் வந்த 6.2 பதிப்பில் இதற்குப் பரிகாரம் செய்தார்கள். என்ன தெரியுமா? சீட்டுக் குலுக்கல்! பத்துப் பேர் காத்திருந்தால், அப்புறம் வருகிறவர்களில் நூற்றுக்கு 30 பேரைக் குலுக்கிப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியது. கூட்டம் ஏற ஏற விகிதமும் ஏறும். 55 பேர் என்றால் நூற்றுக்கு 65. நூறு பேர் ஆகிவிட்டால் அத்தனை பேருக்கும் கதவடைப்பு.

"நல்லவனையும் அல்லவா விரட்டும்?" என்று கேட்டேன்.

"விரட்டும், மாமா. ஆனால் போக்கிரிக்கும் அதே சீட்டுத்தானே? அவனுக்கு நூறு இடமும் வேண்டும். எனக்கு ஒன்று போதும். நாலு தரம் தட்டினால் ஒரு தரமாவது கிடைக்காதா?"

எனக்குப் பொறுக்காத சங்கதி வேறு. இந்தக் குலுக்கல் வசதி அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே மென்பொருளுக்குள் இருந்ததாம்! வேண்டியவர்கள் ஒரு வரி எழுதிக் கொள்ளலாம். எழுதாதவர்களுக்குப் பழைய பத்துதான். எழுதாவிட்டாலும் குலுக்கல் நடக்கும்படி செய்ததுதான் 2013-ன் புதுமை. 2024-ல் வந்த 9.8 பதிப்பு இன்னும் கறார்: தட்டிவிட்டுப் பேசாமல் பொழுதைக் கழிக்கிற விலாசத்தைக் குறித்து வைத்துக் கொண்டு, கொஞ்ச நேரம் கிட்டவே அண்ட விடாது.

மருமான் ஆபீசில் இருந்ததோ 2013-க்கும் முந்திய பதிப்பு. 'ஓடுகிறதை ஏன் தொட வேண்டும்?' என்று விட்டு வைத்திருந்தார்களாம். அன்றிரவு அவன் ஸர்வரின் எதிரிலேயே உட்கார்ந்து மாற்றியது ஒரே ஒரு வரி: 10:30:100. புதுப் பதிப்புக்கு மேலதிகாரியிடம் மனுப் போட்டிருக்கிறான். ஆட்டோவுக்குக் கொடுத்த 280 ரூபாய்க்கு ரசீது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.