சோறு போடாத மருமகள்

எங்கள் தெருவில் எனக்கு அதுதான் பெயர். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இட்லி தின்று கழுவிய கை காயும் முன்னே என் மாமியார் அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். "விடிஞ்சதுலருந்து பச்சத்தண்ணிகூடக் குடுக்கல தாயி, பசிக்குது" என்பார். கண்ணில் நீர் முட்டி நிற்கும். யார்தான் நம்பமாட்டார்கள்? நம்பினார்கள். சின்னமனூரிலிருந்து நாத்தனார் வந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். வீட்டுக்காரரின் பெரியப்பா சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி, அத்தனை ஆம்பளைகள் நடுவில் என்னை நிற்கவைத்து, "பெத்த தாயா இருந்தா பட்டினி போடுவியா?" என்று கேட்டார்.

சாப்பிட்டதையே மறக்கடிக்கிற நோய் ஒன்று உண்டென்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் நான் அன்றைக்குத் தப்பித்திருப்பேன்.

அத்தை லேசுப்பட்ட மனுஷியில்லை. விடியுமுன்னே தூக்குவாளியில் சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் காய் எடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆன பிறகு, நடுராத்திரியில் எழுந்து காலித் தூக்குவாளியோடு முக்குரோட்டில் போய் நிற்பார். "ஜீப்பு இன்னும் வரலயா?" என்று நாயிடமும் கேட்பார். காத்துக்கருப்பு என்றார்கள். கோடாங்கி வந்து உடுக்கடித்து வேப்பங்குழையால் அடித்தார். குறுக்கே விழுந்து தடுத்தேன். அதற்கும் எனக்குத்தான் ஏச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், "வயசானா இப்படித்தாம்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சொந்தக்காரர் என் காதில், "எண்ணெ தேச்சு எளநி குடுத்துரலாமா?" என்று கேட்டார். தலைக்கூத்தல் என்ற சொல் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: முடியாமல் கிடக்கும் முதியவரை வீட்டாரே சாகடிப்பது. நோயென்று தெரியாத வீட்டில் அந்த யோசனை வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் நிதானமாகக் கேள்வி கேட்டார். தைராய்டு, பி12 குறைவு இருந்தாலும் புத்தி தடுமாறும், அதைச் சரிசெய்துவிடலாம் என்று சொல்லி, முதலில் அதற்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு அல்சைமர் என்கிற மறதிநோய் என்றார். குணமாகாது என்றும் சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதது துக்கத்தில் மட்டுமில்லை. நான் கொடுமைக்காரி இல்லை என்று முதன்முதலாக ஒருவர் சொன்ன மாதிரி இருந்தது.

அபூர்வ நோய் என்று யாரும் சொல்ல வேண்டாம். அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாடு முழுக்க ஏறத்தாழ 88 லட்சம் பேர். முதியவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. 2017-ல் உலக சுகாதார அமைப்பின் பேரவை, 2025-க்குள் ஒவ்வொரு நாட்டிலும் மறதிநோய்க்கென ஒரு விழிப்புணர்வு இயக்கமாவது நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கெடு முடிந்தது. எங்கள் ஊர்ச் சுவரில் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வரி கிடையாது.

அரசாங்கத்துக்கு விளம்பரம் செய்யத் தெரியாதா? 2003 வாக்கில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று தமிழ்நாடே பேசியதே! சொல்லவே வாய் கூசிய நோயை டீக்கடையில் சத்தமாகப் பேசவைத்தது அந்தக் கேள்வி. அதற்குப் பணம் கிடைத்தது, கிடைத்திருக்கவும் வேண்டும். போலியோ சொட்டு மருந்துக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கிழவிக்கு வருகிற நோய் என்றால் மட்டும் கஜானாச் சாவி தொலைந்துபோகிறதா? ஓட்டுப் போடும்போது மட்டும் அவர் கிழவி இல்லையா?

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992-லேயே இந்த நோய்க்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2014-ல் அந்த மாநில அரசே அதோடு சேர்ந்து திட்டம் போட்டது. பகல்நேரக் காப்பகம் திறந்தது. அத்தை ஏலக்காய் எடுத்து உழைத்ததெல்லாம் அந்தக் கேரளத்து மலையில்தான். நோயாளியாகக் கிடந்தது மட்டும் மலைக்கு இந்தப் பக்கம்.

நான் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஞாபகத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேட்கட்டும். பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைத்தால் இந்த நோய் வரும் ஆபத்தே குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு அத்தனை சனம் கூடுகிறதே, அங்கே ஒரு பந்தல் போடட்டும். இதற்கென்று பட்ஜெட்டில் தனியாக ஒரு வரி எழுதி, அதில் ஒரு தொகை போடட்டும்.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கீழத்தெருவில் ஒரு தாத்தா பாதை மறந்து வாய்க்காலில் இறங்கிவிடுகிறார். சொத்துத் தகராறில் நடிக்கிறார் என்று கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். போய்ச் சொன்னேன். "ஒன் லச்சணம் தெரியாதா, நீ எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டியாக்கும்" என்று விரட்டினார்கள். என் வாய்ச்சொல் இந்த ஊரில் எடுபடாது. கலெக்டர் ஆபீஸ் முத்திரை போட்டு ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுங்கள். கூலி வேண்டாம், வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.