பால் நிறுத்த பிறகே கணக்கு

பேராக் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களுக்குப் பால் கொட்டகையின் ஒழுங்கு தெரியும். பாலை நிறுத்த பிறகுதான் கிராணி பெயருக்கு நேராக எடையை எழுதுவார். எழுத்து முந்தி, பால் பிந்தினால் லோரிக்காரர் இல்லாத பாலை ஏற்றப் போவார்.

அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. அங்கிருந்து படித்து வந்த பிள்ளைகள் பலர் கணினித் துறையில் இருக்கிறார்கள். நானும் ஈப்போவில் அந்த வேலைதான் பார்க்கிறேன். அங்கே நான் பார்த்ததிலேயே பிடிபடாத கோளாறு, இந்த முந்தல் பிந்தல்தான்.

ஒரு பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அவற்றுக்குச் சொந்தமாக நெட்வொர்க் கார்டு கிடையாது. ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கி, 2008இல் கட்டுரையாக விளக்கிய ‘விர்ட்டியோ’ முறையில், மெய்நிகர் கணினியும் சர்வரும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அனுப்ப வேண்டிய தகவல் எங்கே இருக்கிறது என்பதை டிரைவர் மென்பொருள் ஓர் அட்டவணையில் எழுதும். பிறகு, ‘இதுவரை இத்தனை’ என்ற எண்ணைக் கூட்டும். எண்ணைப் பார்த்துச் சர்வர் எடுத்துப் போகும்.

சிக்கல் எங்கே? வேகத்துக்காகச் சிப் வரிசையை மாற்றிவிடலாம். இரண்டு எழுத்துகளின் வரிசையை இன்டெல் சிப் பொதுவாகக் காப்பாற்றும்; ஆர்ம் சிப் அந்த உறுதியைத் தராது. அதனால் இன்டெலில் பல ஆண்டுகள் ஓடிய நிரல் ஆர்மில் தடுமாறும். எண் கூடியிருக்கும், அட்டவணையிலோ பழைய தகவல்.

இன்டெலிலும் ஓர் ஆபத்து உண்டு. எண்ணைக் கூட்டிவிட்டு, ‘சர்வரை எழுப்ப வேண்டுமா’ என்று டிரைவர் பார்க்கும். பார்ப்பது முந்திவிட்டால் எழுப்பாமல் விட்டுவிடும். புதிதாக ஒன்றுமில்லை என்று சர்வரும் தூங்கும். நெட்வொர்க் அப்படியே நின்றுபோகும்.

இதற்கு மருந்து ‘மெமரி பேரியர்’ என்ற ஒரு வரி: முன் வேலை வெளியே தெரிந்த பிறகே அடுத்தது. எழுதுபவர், வாசிப்பவர் இருவரும் அதைப் போட வேண்டும். ஒரே சிப் மையத்துக்கென்று கட்டிய லினக்ஸ், ‘நான் தனியாள்தானே’ என்று சில பேரியர்களை நீக்கிவிடும். ஆனால் பக்கத்து மையத்தில் சர்வர் வேலை செய்துகொண்டிருக்கும்! அதற்காகவே 2016இல் வந்த லினக்ஸ் 4.5, மெய்நிகர் கணினிகளுக்கென்று நீக்கப்படாத பேரியர்களைச் சேர்த்தது.

இந்தக் கோளாறு தேடினால் ஒளிந்துகொள்ளும். சோதிக்க ஒரு பிரிண்ட் வரி சேர்த்தாலே நேரம் மாறி, மறைந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியானது போலத் தெரியும்.

ஆகவே, தம்பி தங்கைகளே, ‘ஒரு வாரமாக வரவில்லை’ என்பதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதை இருவர் பகிர்கிறார்கள், எது முதலில் தெரிய வேண்டும், அந்த வரிசையை எந்த வரி காக்கிறது என்று கேளுங்கள். அந்த வரியை விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் வேலை முடிந்தது.